ராட்சத நாய் உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவருமா?

நாம் உட்கார்ந்து சாப்பிடும் மேசையின் உயரம் சுமார் 75 செ.மீ. நன்றாக வளர்ந்த ஆண் கிரேட் டேன் நாயின் தோள் உயரமோ குறைந்தது 80 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது அந்த இனத்துக்கான சர்வதேசத் தரக்குறிப்பு. கவனியுங்கள், 80 என்பது தோள் வரைக்கும்தான். கழுத்தும் தலையும் அதற்கு மேலே. மேசையருகே வந்து நின்றால் அது தாவ வேண்டியதில்லை, முன்னங்காலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், மூக்கு உங்கள் தட்டில் இருக்கும்.

குட்டியை வாங்கப் போகிற நாளில் இந்த உயரம் யார் கண்ணிலும் படுவதில்லை. எட்டு வாரக் குட்டி மடியில் அடங்குகிறது. பாதங்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கின்றன, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. பிறந்தபோது ஏறக்குறைய அரைக் கிலோ இருந்த அந்தக் குட்டி ஒரே ஆண்டில் 50 கிலோவைத் தொட்டுவிடும். மனிதக் குழந்தை முதல் ஆண்டில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகிறது. இது நூறு மடங்காகிறது. வீட்டில் இருப்பவர்கள் பழகிக்கொள்வதற்குள் நாய் வளர்ந்துவிடுகிறது. "இவ்வளவு பெரிதாகும் என்று நினைக்கவில்லை" என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. நாயை யாரிடமாவது கைமாற்றிவிடுவதில் போய் முடிகிற பேச்சு அது. அந்த நிலை எந்த நாய்க்கும் வரக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எது ராட்சத இனம்?

எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. வளர்ந்தபின் 45 கிலோவுக்கு மேல் போகிற இனங்களைப் பொதுவாக இந்தப் பெயரில் சேர்க்கிறார்கள். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து, ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட், மாஸ்டிஃப் வகைகள், லியோன்பெர்கர், கிரேட் பைரனீஸ், காக்கேசியன் ஷெப்பர்ட் எல்லாம் இதற்குள் வரும். உயரத்தில் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டும் கிரேட் டேனும் முன்னால் நிற்கும். எடையில் இங்கிலீஷ் மாஸ்டிஃபை மிஞ்ச ஆளில்லை. 1989-இல் ஸோர்பா என்ற மாஸ்டிஃப் 155.6 கிலோ எடையுடன் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. இரண்டு ஆள் எடை.

அளவு ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த இனங்கள் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டன என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில், பனியில் சிக்கிய வழிப்போக்கர்களைத் தேடி மீட்கத் துறவிகள் வளர்த்த நாய்தான் செயின்ட் பெர்னார்ட். 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பேரி என்ற நாய் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். பதப்படுத்தப்பட்ட அதன் உடல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அறிமுகமில்லாத மனிதரைக் கண்டால் அருகில் போக வேண்டும் என்பது இந்த இனத்தின் இரத்தத்திலேயே ஊறியது. நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் மீனவர்களுக்குத் துணையாக இருந்த இனம். விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு. தண்ணீரைக் கண்டால் நிற்காது. கிரேட் டேன், பெயரில் டென்மார்க் இருந்தாலும், ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்காக வளர்க்கப்பட்ட நாய். பல தலைமுறைகளாக வேட்டையை விட்டு வீட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கிரேட் பைரனீஸ், கங்கால், காக்கேசியன் ஷெப்பர்ட் போன்றவற்றின் கதை வேறு. இவை மந்தைக் காவல் நாய்கள். இரவில், பக்கத்தில் மனிதரே இல்லாத நேரத்தில், ஓநாய் வந்தால் என்ன செய்வது என்று தாமே முடிவெடுக்க வேண்டிய நாய்கள். உத்தரவுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. ராத்திரி முழுக்கக் குரைப்பது அவற்றின் கணக்கில் கடமை. வீட்டுக்கு வரும் விருந்தாளியை நீங்கள் சிரித்து வரவேற்றாலும் அது தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்ளும். நாய் வளர்த்துப் பழக்கமில்லாத குடும்பம், அதிலும் அக்கம்பக்கத்தில் வீடுகள் நெருங்கி இருக்கும் குடும்பம், இந்தக் கூட்டத்திலிருந்து குட்டி எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலேயே பலம் குறைந்தவரை வைத்துக் கணக்குப் போடுங்கள்

பெரிய நாய் வேண்டும் என்று பேச்சு எழுந்தாலே எல்லாரும் கேட்பது, "வீட்டில் இடம் போதுமா?" என்பதுதான். இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் உடல் பலம் மிகக் குறைந்தவர் யார்? அந்த நாயோடு அவர் தனியாக ஒரு நாளைக் கழிக்க முடியுமா?

நாய் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் வீட்டிலேயே திடமானவராக இருப்பார். அவரால் இழுத்துப் பிடிக்க முடியும், தூக்க முடியும். ஆனால் அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுக்க நாயோடு இருப்பது வயதான அம்மாவோ, பத்து வயதுப் பெண்ணோ, கர்ப்பிணியான மனைவியோ ஆக இருக்கலாம். 65 கிலோ நாய் தெருவில் ஒரு பூனையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு அடி முன்னால் பாய்ந்தால், பெல்ட்டைப் பிடித்திருக்கும் 50 கிலோ ஆள் என்ன ஆவார்? அந்தப் பாய்ச்சலில் கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. ஆனாலும் தோள்பட்டை விலகும், முகம் தரையில் மோதும்.

எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் ஒரு பெண் கிரேட் டேன் இருந்தாள். 52 கிலோ. அவளைப் போல மென்மையான ஜீவனை நான் பார்த்ததில்லை. மனிதர் மேல் சாய்ந்து நிற்பது டேன்களுக்கே உரிய அன்பு. பக்கத்தில் வந்து, உடம்பின் பக்கவாட்டை நம் தொடையில் பதித்து, மொத்த எடையையும் நம் மேல் இறக்கிவிட்டுப் பெருமூச்சு விடுவாள். எனக்கு அது சுகம். எழுபதைத் தாண்டிய என் அம்மாவுக்கு அது ஆபத்து. அம்மா அவளை என்னைவிட அதிகமாக நேசித்தார். ஆனாலும் அவள் நடையில் வரும் சத்தம் கேட்டால் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வார். அந்தக் கை சுவரைத் தேடும் காட்சியைப் பார்த்த பிறகுதான் குட்டி எடுக்கும் முன் நான் யோசித்திருக்க வேண்டியது என்ன என்று எனக்கு விளங்கியது. நடைவழியில் கைப்பிடி பொருத்தினோம். அம்மா உட்கார்ந்திருந்தால் மட்டும் பக்கத்தில் போகலாம் என்று அவளுக்குப் பழக்கினோம். ஆறு மாதம் பிடித்தது.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். நான்கு வயதுக் குழந்தையின் முகமும் டேனின் வாலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். மகிழ்ச்சியில் ஆடும் வால் சாட்டையைப் போல வீசும். நம் முழங்காலில் பட்டாலே சுரீர் என்று வலிக்கும். இந்த வாலாட்டல் நாய்க்கே காயமாகவும் முடிவதுண்டு. சுவரிலும் கதவிலும் மோதி மோதி நுனித் தோல் வெடித்து, ஆறுவதற்குள் மறுபடி மோதி, கடைசியில் வாலின் நுனியை அறுவை செய்து நீக்கும் நிலைக்குக்கூடப் போகும். குழந்தைகள் நாயின் முதுகில் ஏறிச் சவாரி செய்வதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பார்க்கக் குதிரை போலத் தெரிந்தாலும் அந்த முதுகெலும்பு சுமை தாங்குவதற்கானது இல்லை.

"இவை சாதுவான ராட்சதர்கள்" என்று விற்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சாதுத்தனம் பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை. ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் எதையும் ஏற்கும் நிலையில் இருக்கும். அந்தக் காலத்தில் பலவகை மனிதர்களையும் சத்தங்களையும் இடங்களையும் பயமில்லாமல் பார்த்த குட்டிதான் பின்னால் நிதானமான நாயாகிறது. அதே போல, பெல்ட்டை இழுக்காமல் நடப்பது, மேலே தாவாமல் இருப்பது, சொன்னால் விலகுவது ஆகிய மூன்றையும் அது 20 கிலோவாக இருக்கும்போதே கற்றுக்கொடுத்துவிட வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இங்கே ஐந்து மாதத்தில் வளைக்காததை ஐம்பது கிலோவில் வளைக்க முடியாது. குட்டி தாவி மார்பில் கால் வைப்பதைச் சிரித்துக் கொஞ்சுகிறோமே, அதே செயலுக்கு ஓர் ஆண்டு கழித்து அதட்டினால் நாய்க்கு என்ன புரியும்? சின்ன நாய் செய்தால் பரவாயில்லை என்று விடுகிற எதையும் இந்தக் குட்டி செய்ய விடாதீர்கள்.

இடம் எவ்வளவு வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். வளர்ந்த டேனும் மாஸ்டிஃபும் வீட்டுக்குள் இருக்கும்போது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் சும்மா இருக்காத துறுதுறுப்பான சிறிய நாயைவிட இவற்றோடு அடக்கமான வீட்டில் வாழ்வது எளிது. தோட்டம் இருக்கிறதே என்று கொண்டுபோய் வெளியே கட்டிப்போடுவதுதான் இவற்றுக்குச் செய்யும் பெரிய கொடுமை. மனிதரை ஒட்டியே இருக்க ஆசைப்படும் இனங்கள் இவை.

சதுர அடியைவிடத் தரை முக்கியம். வழுவழுப்பான தரையில் கால் வழுக்கி விரிந்தால் வளரும் மூட்டுகளுக்குக் கேடு, வயதான நாய்க்கு எழுந்திருக்கவே முடியாது. அது நடமாடும் பாதையெல்லாம் ரப்பர் விரிப்போ முரட்டுப் பாயோ வேண்டும். கடினமான தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் தோல் காய்த்து, சில சமயம் நீர் கோத்து வீங்கும். ஆகவே நல்ல கனமான மெத்தை. மாடி வீட்டில் குடியிருந்து லிஃப்ட் இல்லையென்றால், படியில் இறங்க முடியாத நாளில் என்ன செய்வீர்கள் என்று இன்றே யோசியுங்கள். உங்கள் காரில் அது ஏறுமா, ஏறினால் மற்றவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதையும்.

வெப்பமான இடத்தில் வாழ்கிறவர்கள் செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து போன்ற அடர்ந்த முடி இனங்களைப் பற்றி இரண்டு முறை சிந்திக்க வேண்டும். உடல் பருமனாக ஆக, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குறைகிறது. உள்ளே உண்டாகும் சூடு வெளியேறத் தாமதமாகிறது. பனிமலைக்கு வரமாக இருந்த உடம்பு கோடையில் அதற்கே பாரம்.

முடியும் எச்சிலும் உண்டு. தொங்கும் உதடுள்ள இனங்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை ஒரு சிலுப்பு சிலுப்பினால் சுவரில், ஜன்னலில், சில நாள் மேற்கூரையிலும் கோடு கோடாக ஒட்டிக் காயும். காய்ந்துவிட்டால் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இதைப் படிக்கும்போதே முகம் சுளிக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து மூன்றையும் இப்போதே மறந்துவிடுங்கள்.

யானை கட்டித் தீனி போடுவதா?

அப்படித்தான் பலர் பயப்படுகிறார்கள். ஆறு மடங்கு எடை என்றால் ஆறு மடங்கு உணவு என்று ஆவதில்லை என்பது கொஞ்சம் ஆறுதல். உடல் பெரிதாகப் பெரிதாக, கிலோவுக்கு ஆகும் எரிசக்தி குறையும். கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கின்படி சுமாராக இயங்கும் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 630 கலோரி அளவில் வேண்டும் என்றால், 60 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 2,400 கலோரி. நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. உலர் உணவாகக் கொடுத்தால் தினமும் 650 கிராம் வரை. மாதத்துக்கு 20 கிலோ மூட்டை ஒன்று காலியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு உண்மையில் ஏறுவது மருத்துவத்தில். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பூச்சி மருந்து, வலி மாத்திரை, ஆண்டிபயாடிக், மயக்க மருந்து, எல்லாமே கிலோ கணக்கில் கூடும். ஒரு முழங்கால் அறுவை சிகிச்சைக்குச் சின்ன நாயைவிடப் பல மடங்கு ஆகலாம். பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவமனையில் இவ்வளவு பெரிய நாயைக் கிடத்தும் மேசையும், இரவில் அறுவை செய்யும் வசதியும் இருக்கின்றனவா என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே போய் விசாரித்துவிடுங்கள்.

உணவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: ராட்சதக் குட்டியைக் கொழுக்க வைக்காதீர்கள், கால்சியம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பெரிய எலும்புக்குக் கால்சியம் வேண்டுமே என்று அன்போடு மாத்திரையும் பொடியும் கலந்து கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும். சில மாதக் குட்டியின் குடலுக்கு அந்தத் திறமை சரியாக வந்திருக்காது. கொடுத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எலும்பும் குருத்தெலும்பும் முறைதவறி வளர்ந்து, கால் கோணி, மூட்டு கெட்டு, வாழ்நாள் முழுக்க நொண்டும் நாய்கள் உண்டு. 70 பவுண்டுக்கு, அதாவது சுமார் 32 கிலோவுக்கு மேல் வளரும் இனக் குட்டிகளுக்கென்றே கால்சியத்தின் அளவைக் கட்டுப்படுத்தித் தயாரித்த உணவு இருக்கிறது. உறையில் அப்படிக் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மெலிந்த குட்டியைப் பார்த்து உறவினர்கள் "பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்டால் கேட்கட்டும்.

இந்த நாய்கள் முழு வளர்ச்சி அடைய 18 முதல் 24 மாதம் ஆகும். அதுவரை எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடியிருக்காது. நீண்ட ஓட்டம், உயரத்திலிருந்து குதித்தல், சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடுதல் எல்லாம் அதன் பிறகுதான். கருத்தடை அறுவையைக்கூட வளர்ச்சி முடியும் வரை தள்ளிப்போடலாம் என்று மருத்துவர்கள் பலர் இப்போது சொல்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வயிறு முறுக்கிக்கொள்ளும் இரவு

ராட்சத நாய் வளர்ப்பவர் தூக்கத்திலும் மறக்கக் கூடாத நோய் ஒன்று இருக்கிறது. மார்புக்கூடு ஆழமாக உள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்க வாயும் அடைபட்டுப் போவதால் காற்று வெளியே வராது. இரத்த ஓட்டம் நின்று இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கிரேட் டேன்களில் மூன்றில் ஒன்றுக்காவது வாழ்நாளில் எப்போதாவது இது வரும் என்று அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எங்களவளுக்கு ஆறு வயதில் வந்தது. இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் இருக்கும். படுக்கிறாள், எழுகிறாள், வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறாள். வாந்தி எடுக்க முயல்கிறாள், வெறும் நுரைதான் வருகிறது. மூன்றாவது முறையும் அப்படியே குமட்டியபோது விலாவுக்குப் பின்னால் விரலால் தட்டினேன். பறையைத் தட்டியது போலச் சத்தம். கார் வரை நடந்து வர அவளால் முடியவில்லை. போர்வையை விரித்து அவளை உருட்டிப் படுக்க வைத்து, நானும் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு மூலையும், நான்காவது மூலையைப் பதினாறு வயது மகனும் பிடித்துத் தூக்கினோம். வாசற்படியில் இறங்கும்போது தம்பியின் கை நழுவியது. 52 கிலோ உயிர் ஒரு போர்வையில் துவண்டு கிடக்கும்போது 100 கிலோ போலக் கனக்கிறது. அன்றிரவு நான் ஒருவன் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள். அறுவை செய்து முறுக்கை எடுத்து, மறுபடி முறுக்காதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் இருந்தாள்.

இப்படித் தைப்பதை நோய் வருவதற்கு முன்பே, கருத்தடை அறுவையோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம். டேன் எடுக்கிறவர்கள் எல்லாரும் இதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். ஒரே வேளையில் மொத்த உணவையும் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அள்ளி விழுங்கும் நாயை மெதுவாகச் சாப்பிடப் பழக்குங்கள். தாய், தந்தை, உடன்பிறந்த குட்டிகளில் எதற்காவது இது வந்திருக்கிறதா என்று கேளுங்கள்; வந்திருந்தால் உங்கள் குட்டிக்கும் வாய்ப்பு அதிகம். உயரமான நாய்க்கு உணவுக் கிண்ணத்தையும் உயர்த்தி வைப்பது நல்லது என்று வெகுநாள் சொல்லப்பட்டு வந்தது. 2000-இல் வெளியான பர்டியூ ஆய்வில் அப்படி உயர்த்தி வைத்த நாய்களிடம் இந்த நோய் அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே கிண்ணம் தரையிலேயே இருக்கட்டும்.

இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறு, எலும்புப் புற்றுநோய், இதயத் தசை தளர்ந்து இதயம் பெரிதாகும் நோய் ஆகியவையும் இந்த இனங்களில் மற்றவற்றைவிட அதிகம். தாய் தந்தை நாய்களின் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையும் இதயப் பரிசோதனை அறிக்கையும் காட்ட முடியாது என்கிறவரிடம் குட்டி வாங்காதீர்கள். "பரம்பரையே ஆரோக்கியம்" என்ற வாய்ச்சொல் அறிக்கைக்கு ஈடாகாது.

குறைந்த ஆண்டுகள்

இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனால் குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுக்கும்போது பேசியே ஆக வேண்டியது இது. ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு ஆண்டுதான் வாழும். கிரேட் டேன் ஏழிலிருந்து பத்து. செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து எட்டிலிருந்து பத்து. 2011-இல் 111.8 செ.மீ. உயரம் அளக்கப்பட்டு உலகின் மிக உயரமான நாய் என்று கின்னஸில் இடம்பெற்ற ஸியூஸ் என்ற டேன், 2014-இல் ஐந்து வயதில் இறந்துபோனது.

யானை எலியைவிட நீண்ட காலம் வாழ்கிறது. பொதுவாகப் பெரிய விலங்கினங்களுக்கு ஆயுள் அதிகம். ஆனால் நாய்களுக்குள் இது தலைகீழாக இருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் கொர்னேலியா க்ராஸும் அவருடைய குழுவினரும் 74 இனங்களைச் சேர்ந்த 56,000-க்கும் மேற்பட்ட நாய்களின் இறப்பு விவரங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். பெரிய நாய்களின் உடம்பு வேகமாக மூப்படைகிறது என்பதும், கூடும் ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது என்பதும் அவர்கள் கண்டது. 20 கிலோ நாய்க்கும் 60 கிலோ நாய்க்கும் நடுவே இந்தக் கணக்கில் 20 மாதம் போய்விடுகிறது.

இந்த எண்ணைக் குழந்தைகளின் வயதோடு சேர்த்துப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் துணையாக எடுக்கும் டேன், அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள் கிழடாகிவிடும், அநேகமாக விடைபெற்றும் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு குட்டிப் பருவம். ஆறு ஏழில் மூப்பு. நடுவே நான்கைந்து ஆண்டுதான் நாம் கற்பனையில் கண்ட அந்தக் கம்பீரமான நாய். எங்களவளின் கடைசி ஐந்து மாதம், பின்னங்கால்கள் தளர்ந்த பிறகு, வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கியபடியே சிறுநீர் கழிக்க அழைத்துப் போவோம். தினமும் ஐந்து முறை, இரவில் ஒரு முறை. முதுகு வலிக்கும். ஒருநாள்கூட அது எனக்குப் பாரமாகத் தோன்றியதில்லை, ஆனால் அந்த வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வலு வேண்டும். அம்மாவால் அது முடிந்திருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்காக ஒருபோதும் வருந்தியதில்லை. என் மடியில் தலையை மட்டும் வைக்கத்தான் இடம் போதும் என்று தெரிந்தும் தினமும் முழு உடம்பையும் ஏற்ற முயன்றவள் அவள்.

முடிவெடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டியது

குட்டியைப் பார்க்கப் போகாதீர்கள். நீங்கள் நினைத்திருக்கும் இனத்தில் மூன்று வயதைத் தாண்டிய நாய் வளரும் வீட்டைத் தேடிப் போங்கள். அனுமதி கேட்டு, குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் எல்லாரையும் அழைத்துக்கொண்டு, ஒரு முழுப் பகல் அங்கே இருங்கள். அது சாப்பிடும்போது பாருங்கள், தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைச் சிலுப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். முடியுமானால், அந்த நாயை வளர்ப்பவர் நெருக்கமாகவே கூட நடக்க, உங்கள் வீட்டில் பலம் குறைந்த பெரியவர் கையில் பெல்ட்டைக் கொடுத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.

பிறகு அந்த நாய் படுத்திருக்கும் நேரத்தில், அதற்குக் கீழே ஒரு போர்வையைச் செருகி வாசல் வரை தூக்கிக்கொண்டு போக உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் தேவைப்படும் என்று மனதுக்குள் எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேர் சாதாரணமாக ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பார்கள் என்றும் எண்ணுங்கள். ஆள் போதவில்லை என்றால், அழைத்தால் ஐந்து நிமிடத்தில் வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று அவரிடமே இப்போதே கேளுங்கள்.

எண்ணிக்கை சரியாக வந்தால், குட்டிக்குப் பதிலாக வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது பற்றியும் ஒருமுறை யோசியுங்கள். கைவிடப்பட்ட ராட்சத நாய்கள் காப்பகங்களில் பலவும் இரண்டு, மூன்று வயதில்தான் வந்து சேர்கின்றன. அதன் உயரம் என்ன, எடை என்ன, குழந்தைகளோடு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். அது இதற்கு மேல் வளரப் போவதில்லை.